வலது முன் சில்லு

நிலாவெளி உப்பளம் தாண்டும்போது முதலில் கேட்டது.
நாற்பதில் இல்லை.
நாற்பத்தைந்தில், வெறும்பானைக்குள் வண்டு விழுந்தாற்போல
ஒரு ம்ம்ம்.
ஐம்பதில் அது வாய் திறந்து ஊளையிட்டது.

ஸ்டேரிங்கில் நான். பக்கத்தில் தவநேசன்.
செவ்வாயிலிருந்து நாங்கள் கதைக்கவில்லை.
சோறு, தேத்தண்ணி, வீட்டுத் திறப்பு, கரண்ட் பில்,
எல்லாம் மேசையில் வைத்து எடுக்கப்பட்டன.
இன்று வெள்ளி.

அவன் றேடியோவை நிறுத்தினான்.
நான் என் பக்கக் கண்ணாடியை ஏற்றினேன்.
அவன் தன் பக்கத்ததை இறக்கித் தலையை வெளியே நீட்டினான்.
ஒரு பெரிய இரைச்சல் உள்ளே வந்து உட்கார்ந்தது.
அது கடல்.
கடலைக் கழித்தோம்.
பனைகளுக்குள் அடித்த காற்றையும் கழித்தோம்.
பின் சீற்றில் உருண்ட தண்ணீர்ப் போத்தலை
அவன் எட்டி எடுத்துத் தொடைக்கிடையில் வைத்தான்.

"இப்ப?"
மூன்று நாளில் முதற்சொல்.
"இப்பவும்."

கிளச்சை மிதித்தேன்.
இஞ்சின் தணிந்தது, அது தணியவில்லை.
நியூட்ரலில் விட்டேன்.
பதினாறு சிறீ நிசான், என்னைவிட இரண்டு வயது மூத்தது,
சாம்பல்தீவுப் பாலத்தை நோக்கித் தன்பாட்டில் உருண்டது
பாடிக்கொண்டே.
"அப்ப இஞ்சின் இல்லை."
"இல்லை."

ஓரம் கட்டினோம். அவன் முழங்காலில் நின்று
வீட்டுத் திறப்பால் ரயரைக் குடைந்து
ஒரு மட்டி ஓட்டுத் துண்டை எடுத்தான்.
வென்ற முகத்தோடு என் உள்ளங்கையில் வைத்தான்.
திரும்ப ஓடினோம்.
டிக் டிக் என்று ஒன்று இருந்ததே
அது போனபிறகுதான் தெரிந்தது.
ம்ம்ம் அப்படியே.

ஜவாத்துக்குப் போன் போட்டான்.
ஜும்மா முடிந்து சோற்றில் கைவைத்திருந்தான் ஜவாத்,
மெல்லுவதும் கேட்டது.
"போனக் கீழ பிடிங்க, கால்மாட்டுல.
அக்கா, றோட்டுல ஆள் இல்லாட்டி இடதுக்கு வெட்டுங்க.
கூடுதா?
இப்ப வலதுக்கு."
வெறும் றோட்டில் பாம்புபோல நெளிந்தேன்.
நடுவில் படுத்திருந்த மாடுகள் அசையவில்லை.
பின்னால் வந்த ஓட்டோக்காரன் முந்தும்போது குனிந்து பார்த்து,
பெண் என்று கண்டதும்
ஏச வந்ததை விழுங்கிக்கொண்டான்.

இடதுக்கு வெட்டினால் கூடியது.
வலதுக்கு வெட்டினால் வாய்பொத்தியது.
"அப்ப வலது முன் சில்லு. பெயரிங் போயிட்டு.
நாப்பதுக்கு மேல ஓடாதீங்க."
ஜவாத் சோற்றுக்குத் திரும்பினான்.

இடதுக்கு வெட்ட வலது ஏன் கத்தவேண்டும்
என்று தவநேசன் விளக்கினான்:
பாரம் மற்றப் பக்கம் சாயும், அந்தச் சில்லுதான் சுமக்கும்,
சுமக்கிறதுதான் கத்தும்.
எனக்கு அது முன்னமே தெரியும்.
சொல்லட்டும் என்று விட்டேன்.
கைகளால் சில்லு செய்து காட்டினான்.

பிறகு நாற்பது.
நாற்பதில் சத்தம் இல்லை.
ஆகவே சொல்லவும் ஒன்றுமில்லை.
அவன் தண்ணீர்ப் போத்தலின் மூடியைத் திருகினான், திறந்தான், திருகினான்.
உப்புவெளியில் யுத்தக் கல்லறைகளின் மதில் வந்தது, போனது.
என் கால் கொஞ்சம் அழுத்தியது.
நாற்பத்திரண்டு. நாற்பத்து நாலு.
ம்ம்ம்.

"இப்ப?" என்றேன்.

அவன் என்னைப் பார்க்கவில்லை, முள்ளைப் பார்த்தான்.
"இப்ப கேக்குது," என்றான்.
ஜமாலியா வரை அந்த வேகத்திலேயே போனோம்.

பழைய பெயரிங்கை ஜவாத் பழந்துணியில் சுற்றித் தந்தான்.
விரலில் போட்டுச் சுற்றினால் மணல் மெல்லும்.
எறியவில்லை. டாஷ்போட் பெட்டிக்குள் கிடக்கிறது,
அடகுச் சீட்டுக்கு மேலே.
(என் காப்பு. அவன் தங்கச்சியின் கடன்.
கேட்காமல் எடுத்தது. அது வேறு கதை, முடியவில்லை.)

இப்போது நிசான் எழுபதிலும் ஊமை.
வளைவுகளில் மட்டும் உள்ளே ஏதோ உருண்டு
ஒருமுறை தட்டும்.
ஏறுகிறவர்கள் எல்லோரும் கேட்கிறார்கள், என்ன சத்தமென்று.